தண்ணீரில் செம்பு

மழை என்ற சொல்லை
நெல்டா அயாவிரே பள்ளிக்கூடத்தில்தான் கற்றாள்.
அட்டகாமா மேட்டில் அவள் ஊருக்குச்
செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் லாரி வரும்.
ஓட்டுகிறவன் தம்பி எலியாசர்.
பீப்பாய்கள் நிறைந்ததும் குழாயை உதறிக்
கடைசிச் சொட்டை நாய்க்குக் கொடுப்பான்.

அவளுக்குச் சுரங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை.
எண்ணூறு மீட்டர் ஆழத்தில் துளைத்தெடுத்த கல்
முன்கைப் பருமனில்
தகரப் பெட்டிகளில் படுத்திருக்கும்.
சாம்பல் உடம்பில் குறுக்கும் நெடுக்கும்
வெள்ளைக் கோடுகள்.
ஒன்றை ஒன்று வெட்டும்.
வெட்டியது பிந்தியது, வெட்டுப்பட்டது முந்தியது.
அவளுக்கு வரலாறு அவ்வளவுதான்.

ஒரு கோட்டை வெங்காயத் தோலாகச் சீவி
நுண்ணோக்கிக்குக் கீழே வைக்கிறாள்.
படிகத்துக்குள் ஓர் அறை.
அறைக்குள் ஒரு துளி.
துளிக்குள் சதுரமாய் ஓர் உப்புக்கல்,
பக்கத்தில் ஒரு குமிழி.
குமிழி சும்மா இருப்பதில்லை.
கதவைத் தேடுகிறவன் மாதிரி
சுவர் சுவராய் முட்டிக்கொண்டிருக்கிறது,
மூன்றரைக் கோடி வருஷமாக.

அன்று கீழே பாறைக்குழம்பு ஆறத் தொடங்கியிருந்தது.
ஆற ஆற, தனக்குள் ஒளித்த நீரைக் கக்கியது.
நாம் குடிக்கிற நீரல்ல.
கந்தகம் நாறுகிற,
கல்லையே கரைக்கிற,
கொதிக்கவும் இடமில்லாமல் நெருக்குண்டு கிடந்த உப்புநீர்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோமே,
செம்பு நினைத்தது.
உப்பின் கையைப் பிடித்துக்கொண்டு
இருட்டில் மேலே ஏறியது.

வழி இல்லை.
நீர் அழுத்தியது. மலை மயிரிழை விரிந்தது.
நுழைந்தது, ஆறியது,
படிகம் வளர்ந்து வந்த வழியை அடைத்தது.
மறுபடி அழுத்தியது.
மறுபடி.
எத்தனை முறை என்று எண்ண அங்கே யாரிருந்தார்?
சூடு குறையக் குறைய உப்பின் பிடி தளர்ந்து
செம்பு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது.
நூறு கிலோ கல்லுக்கு அரைக்கிலோ.
அதற்குத்தான் ஒரு ரயில், ஒரு துறைமுகம்,
நுரையீரல் நிறையத் தூசியோடு
நாற்பத்தொன்பதில் போய்ச்சேர்ந்த அவர்கள் அப்பா.
சுமந்து வந்த நீர் மட்டும் நிற்கவில்லை.
மலைக்கே தண்ணி காட்டிவிட்டுப் போயிற்று.

என் மொழியில் அந்த உலோகத்துக்கும்
தண்ணீர் மொள்ளும் பாத்திரத்துக்கும் ஒரே பெயர்.
செம்பில் தண்ணீர் என்றுதான் எனக்குப் பழக்கம்.
தண்ணீரில் செம்பு என்று
எழுதிப் பார்க்கிறேன். கை தயங்குகிறது.

நெல்டா சூட்டை ஏற்றுகிறாள்.
இருநூறு. குமிழி சிறுத்தது.
இருநூற்று எழுபது. உப்புக்கல்லின் மூலைகள் மழுங்கி,
கல்லே காணோம்.
முந்நூற்று நாற்பத்திரண்டு. குமிழியும் இல்லை.
அடைபட்ட நாளில் அவ்வளவாவது சூடு இருந்திருக்கும்.
இனி குளிரவிட்டால் குமிழி திரும்பி வந்து
ஒன்றுமே நடக்காததுபோல் முட்டத் தொடங்கும்.
எப்போதும் அப்படித்தான்.

இன்று அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.
"வளைவில் லாரி சாய்ந்துவிட்டது அக்கா.
எனக்கொன்றுமில்லை.
தண்ணீர்தான், முழுக்க."
எத்தனை லிட்டர் என்று கேட்டாள்.
ஏன் அதைக் கேட்டோம் என்று பிறகு வெட்கப்பட்டாள்.
பன்னிரண்டாயிரம் என்றான்.
திரும்பிப் பார்த்தபோது நானூற்றுப் பத்து.
அறை கறுத்திருந்தது.
சத்தமே இல்லாமல் துளி வெடித்துப் போயிருந்தது.
படிவத்தில் குறிப்பு என்ற கட்டத்தில்
"இழப்பு" என்று எழுதிவிட்டு
எதைச் சொன்னோம் என்று ஒரு கணம் விளங்காமல்
பேனாவை மூடினாள்.

ஞாயிறன்று அந்த வளைவுக்குப் போனாள்.
ஈரம் இல்லை.
நீர் ஓடிய வழியில் மண்ணின் உப்பு பூத்து
சரிவு முழுக்க ஒரு வெள்ளைக் கோடு.
அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு
ஒரு சக்கரத்தடம்,
புதிது.